பூட்டிய வீட்டைத் திறக்கும்போது வரும் தும்மல்: காரணத்தைக் கண்டறியும் முறை

ஆண்டின் பெரும்பகுதி பூட்டிக் கிடந்து, கல்யாணத்துக்கோ முன்னோருக்கான படைப்புக்கோ திறக்கப்படும் செட்டிநாட்டுப் பெரிய வீட்டில், முதல் நாளே சிலருக்குத் தும்மலும் மூக்கடைப்பும் தொடங்கிவிடும். "தூசி ஒத்துக்கொள்ளவில்லை" என்று அதை முடித்துவிடாமல், எந்த அறையில், எந்த மாதத்தில், என்ன வேலை செய்யும்போது வந்தது என்று சில வாரங்கள் எழுதி வையுங்கள். என் கருத்தில் எந்தப் பரிசோதனைக்கும் முன்னால் செய்ய வேண்டியது இதுதான்.

காலையில் எழுந்தவுடன் தும்மல் அடுக்கடுக்காக வந்தால், மெத்தையிலும் தலையணையிலும் நம் தோல் செதில்களைத் தின்று வாழும் தூசி உண்ணிகளை முதலில் ஐயப்பட வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் சுவர் ஓதம் காக்கும் அறையில் மட்டும் வந்தால் பூஞ்சையையும், சாமான் அறையைத் திறக்கும்போது வந்தால் கரப்பானையும், சீமைக்கருவேலம் பூத்திருக்கும் கண்மாய்க் கரையில் வந்தால் அதன் மகரந்தத்தையும் நினைக்கலாம்.

குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு ஒவ்வாமை மருத்துவரைப் பாருங்கள். தோல் குத்துப் பரிசோதனையில், ஒவ்வாமைப் பொருளின் சாற்றைத் துளியாக வைத்து மேல்தோலில் மெல்லக் குத்தி, 15 முதல் 20 நிமிடங்களில் தடிப்பை அளப்பார்கள். ஒப்பிட்டுப் பார்க்க, ஒவ்வாமைப் பொருள் கலக்காத வெறும் கரைசல் வைத்த இடத்தைவிட 3 மில்லிமீட்டராவது பெரிதாக இருந்தால் அது நேர்மறை. அலர்ஜி மாத்திரைகளை ஏறத்தாழ ஒரு வாரம் முன்பே நிறுத்த வேண்டியிருக்கும் என்பதால் மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். ஆஸ்துமா கட்டுக்குள் இல்லாதபோது இந்தச் சோதனை வேண்டாம். குருதியில் ஐஜிஇ என்னும், ஒவ்வாமையில் உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளை அளக்கும் சோதனைக்கு மாத்திரையை நிறுத்தத் தேவையில்லை.

நேர்மறை என்பது, அந்தப் பொருளுக்கு எதிராக உடல் ஐஜிஇ எதிர்ப்பொருளை உண்டாக்கிப் பழகியிருக்கிறது என்பதை மட்டுமே சொல்லும். நோய் இருக்கிறது என்று சொல்லாது. அமெரிக்காவில் 1988 முதல் 1994 வரை நடந்த தேசிய ஆய்வில், 6 முதல் 59 வயதுள்ளோரிடம் 10 பொருள்களைச் சோதித்தபோது பாதிக்கு மேற்பட்டோருக்கு ஒன்றாவது நேர்மறையாக இருந்தது. தூசி உண்ணிக்கும் கரப்பானுக்கும் தனித்தனியே ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு நேர்மறை. அவர்கள் அனைவரும் நோயாளிகள் அல்லர். தூசி உண்ணி, கரப்பான், இறால் ஆகியவற்றில் ஒன்றுபோன்ற புரதம் இருப்பதால், ஒன்றுக்குப் பழகிய உடல் மற்றதற்கும் நேர்மறை காட்டலாம். இறாலைத் தொந்தரவின்றிச் சாப்பிடுபவர், தாளில் கண்ட முடிவுக்காக மட்டும் அதை விட வேண்டியதில்லை. குறிப்பேடும் சோதனையும் ஒரே பொருளைக் காட்டும்போதுதான் அதைக் காரணமாகக் கொள்ள வேண்டும்.

வீட்டைத் திறக்கும் வேலையை, இளைப்பு உள்ளவர் வருவதற்குச் சில நாள் முன்பே மற்றவர்கள் முடித்துவிடட்டும். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையை உலர்ந்த துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். மெத்தைகளை மொட்டைமாடி வெயிலில் போட்டால் ஈரம் வற்றி உண்ணிகள் குறையும். ஆனால் அவற்றின் எச்சம் தங்கிவிடுவதால் நன்றாகத் தட்டவும் வேண்டும். உறைகளையும் விரிப்புகளையும் 60 டிகிரி வெந்நீரில் துவையுங்கள். பூஞ்சைக்கு, ஒழுகும் ஓட்டைச் சரிசெய்யாமல் சுண்ணாம்பு மட்டும் அடிப்பது பயன் தராது. இரவில் இளைப்போ நெஞ்சிறுக்கமோ வந்தால், வீட்டுச் சுத்தத்தை நம்பிக் காத்திராமல் உடனே மருத்துவரிடம் செல்லுங்கள்.