அப்பளத்தை வைத்து ஒளியின் வேகத்தை அளப்பது எப்படி?

ஒளி நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் போகும் என்று பள்ளியில் எல்லோரும் மனப்பாடம் செய்திருப்போம். அதை வீட்டுச் சமையலறையிலேயே அளந்து பார்க்கலாம். மைக்ரோவேவும் ஒளியைப் போல ஒரு மின்காந்த அலைதான், அதே வேகத்தில்தான் போகும், அதனால் அதை அளந்தாலே போதும். வேண்டியது ஒரு மைக்ரோவேவ் ஓவன், பொரிக்காத உளுந்து அப்பளம் நாலைந்து, ஒரு ஸ்கேல், அவ்வளவுதான்.

முதலில் ஓவனைப் பற்றி. சுருள்கம்பி சூடாகி வேலை செய்கிற கேக் அடுப்பு (ஓடிஜி) இதற்கு ஆகாது, அதில் மைக்ரோவேவே கிடையாது. உள்ளே கண்ணாடித் தட்டு சுற்றுமே, அந்த மாதிரி ஓவன்தான் வேண்டும். சுற்றும் தட்டே இல்லாத சில புது மாடல்களில் அலைகளைக் கலைத்துவிட அடியில் ஒரு விசிறி இருக்கும், அதில் செய்தால் ஒன்றும் தெளிவாகத் தெரியாது.

அந்தக் கண்ணாடித் தட்டையும் அதன் அடியில் உருளும் வளையத்தையும் எடுத்துவிடுங்கள். நடுவில் சுற்றுகிற குமிழ் மேல் படாதபடி ஒரு கண்ணாடிக் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்து, அதன் மேல் பெரிய பீங்கான் தட்டோ கண்ணாடித் தட்டோ வையுங்கள், அது அசையவே கூடாது. எவர்சில்வர் வேண்டாம், பொறி பறக்கும். தட்டு முழுக்க அப்பளங்களை ஓரத்தோடு ஓரம் ஒட்டியபடி பரப்பிவிட்டு, கன்வெக்‌ஷன், கிரில் எதுவும் போடாமல் வெறும் மைக்ரோ மோடில் முழு பவரில் வையுங்கள். பவரைக் குறைத்தால் பல ஓவன்கள் விட்டுவிட்டுத்தான் ஓடும், நேரக் கணக்கு குழம்பிவிடும்.

இப்போது கண்ணை எடுக்காமல் பாருங்கள். பத்துப் பதினைந்து நொடியில் அப்பளம் அங்கங்கே திட்டுத்திட்டாக வெளுத்துக் கொப்புளித்து எழும், பக்கத்திலேயே இன்னொரு இடம் மஞ்சளாகப் பொரியாமலே கிடக்கும். நாலைந்து திட்டு நன்றாகத் தெரிந்ததும் நிறுத்திவிடுங்கள். இன்னும் கொஞ்சம் விட்டால் சூடு பரவி எல்லாம் பொரிந்துவிடும், அதற்கும் மேல் விட்டால் கருகும்.

ஏன் இப்படித் திட்டுத்திட்டாக? ஓவனின் சுவரெல்லாம் உலோகம். அலை போய் மோதித் திரும்பி, எதிரே வருகிற அலையோடு சேர்கிறது. சில இடங்களில் இரண்டும் கூடி வலுக்கும், சில இடங்களில் ஒன்றையொன்று அழித்துவிடும். இந்த இடங்கள் நகராமல் அங்கேயே நிற்பதால்தான் இதற்கு நிலை அலை என்று பெயர். வலுத்த இடத்தில் அப்பளம் பொரிகிறது, அழிந்த இடத்தில் பச்சையாகக் கிடக்கிறது. அடுத்தடுத்த இரண்டு வலுத்த இடங்களுக்கு நடுவே உள்ள தூரம் அலைநீளத்தில் (ஒரு அலையின் முகட்டிலிருந்து அடுத்த முகடு வரை உள்ள தூரத்தில்) சரிபாதி. (சாதத்தைச் சூடு பண்ணும்போது ஒரு பக்கம் கொதித்து ஒரு பக்கம் ஜில்லென்று இருப்பதும் இதனால்தான், தட்டைச் சுற்றவிடுவதும் அதற்காகத்தான்.) மின்காந்த அலை என்று ஒன்று உண்டு என 1888 வாக்கில் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவில் ஹெர்ட்ஸ் என்ற இயற்பியலாளர் காட்டியபோது அவர் அலைநீளம் கண்டுபிடித்த வழியும் ஏறக்குறைய இதுவே. அவர் சுவரில் துத்தநாகத் தகடு அடித்து, அலையைப் பிடிக்கும் தன் கருவியில் பொறி எங்கே வலுக்கிறது எங்கே மங்குகிறது என்று தேடினார்.

சரி, ஸ்கேலை எடுங்கள். ஒரு திட்டின் நடுவிலிருந்து அடுத்த திட்டின் நடு வரை அளக்க வேண்டும், ஓரத்திலிருந்து அல்ல. நாலைந்து ஜோடிகளை அளந்து சராசரி எடுங்கள். 6 சென்டிமீட்டரை ஒட்டி வரும். 6.2 வந்தது என்று வைத்துக்கொள்வோம், இரட்டித்தால் அலைநீளம் 12.4 செ.மீ., அதாவது 0.124 மீட்டர்.

அடுத்து ஓவனுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் 2450 மெகாஹெர்ட்ஸ் என்று இருக்கிறதா பாருங்கள். அதே ஸ்டிக்கரில் 50 ஹெர்ட்ஸ் என்றும் இருக்கும், அது வீட்டு கரண்டுக்கானது, அதைப் போட்டுப் பெருக்கினால் ஒளி சைக்கிள் வேகத்தில் போகிறது என்று விடை வரும். வேகம் என்பது அலைநீளம் பெருக்கல் அதிர்வெண் (நொடிக்கு எத்தனை முறை அதிர்கிறது என்ற கணக்கு, 2450 மெகாஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு 245 கோடி முறை), ஆக 0.124 × 245,00,00,000 = நொடிக்கு 30 கோடியே 38 லட்சம் மீட்டர். உண்மையான அளவு 29,97,92,458 மீட்டர். ஒன்றரை சதவீதம் கூடத் தப்பில்லை, அப்பளத்துக்கு இது அதிகம்தான்.

உங்களுக்கு 7 செ.மீ. வந்தாலும் கவலை வேண்டாம். ஓவன் என்பது எல்லாப் பக்கமும் சுவர் உள்ள பெட்டி, அலை நேர்கோட்டில் மட்டும் போய்த் திரும்புவதில்லை, சாய்வாகவும் மோதுகிறது. அதனால் திட்டுகளுக்கு நடுவே உள்ள தூரம் பெரும்பாலும் கொஞ்சம் கூடுதலாகவே வரும்.

இந்தப் பெருக்கல் ஓவனோடு நிற்காது. ரேடியோ, மைக்ரோவேவ், அகச்சிவப்பு, கண்ணுக்குத் தெரியும் ஒளி, புற ஊதா, எக்ஸ் கதிர், காமா கதிர் எல்லாமே ஒரே வகை அலைதான், வெற்றிடத்தில் ஒரே வேகம்தான், அலைநீளமும் அதனோடு அதிர்வெண்ணும்தான் மாறுகின்றன. ஒரு குறுக்குவழி: 300ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் அலைநீளம் மீட்டரில் வந்துவிடும். சென்னை ரெயின்போ எஃப்எம் 101.4 மெகாஹெர்ட்ஸ், அதனால் அலைநீளம் 3 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. அதில் கால்பங்கு, முக்கால் மீட்டர் அளவுக்கு, ஒரு ஒயரை வெட்டி ரேடியோவில் ஏரியலாகச் சொருகிப் பாருங்கள், கரகரப்பு குறையும்.

ஓவன் கதவில் பொடிப்பொடி ஓட்டைகளோடு ஒரு தகடு இருக்கும். ஓட்டை ஒன்றிரண்டு மில்லிமீட்டர், 12 செ.மீ. அலை அதன் வழியே வெளியே வர முடியாது. நாம் பார்க்கும் ஒளியின் அலைநீளம் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கைவிடக் குறைவு, அது தாராளமாகப் புகுந்து வரும், அதனால்தான் அப்பளம் பொரிவதை வெளியே நின்று பார்க்க முடிந்தது.

அப்புறம், டிவி ரிமோட்டை மொபைலின் செல்ஃபி கேமராவுக்கு நேரே பிடித்து ஏதாவது பட்டனை அழுத்துங்கள். வெறும் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, திரையில் முனை பல்பு ஊதா கலந்த வெள்ளையாக மினுக்கும், அது அகச்சிவப்பு. பின்பக்கக் கேமராவில் அநேகமாகத் தெரியாது, அகச்சிவப்பை வடிகட்டும் கண்ணாடி அதில் இன்னும் கறாராக இருக்கும். செல்ஃபி கேமராவிலும் மினுக்கவில்லை என்றால் முதலில் ரிமோட்டின் பேட்டரியை மாற்றிப் பாருங்கள்.