நெருக்கடிக் காலத்தில் விடுதிக்கு இணையத்தளம் அமைத்துக் கொடுக்கும் முறை

சுற்றுலாவை நம்பியிருக்கும் தீவில், விடுதியின் அறைகள் வெறுமையானால் அந்த விடுதிக்கு இணையத்தளம் அமைப்பவரின் வருமானமும் நின்றுவிடுகிறது. 2018 இல் 23 இலட்சம் பயணிகளைக் கண்ட இலங்கைக்கு, 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளும் பெருந்தொற்றும் வந்த பின்னர், 2021 இல் 2 இலட்சம் பேர்கூட வரவில்லை. யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்துக்கான சென்னை விமானமும் 2020 மார்ச் முதல் 2022 டிசம்பர் வரை நின்றிருந்தது. யாழ்ப்பாணத்தில் இத்தொழிலைத் தொடர விரும்புவோருக்காக, அந்த ஆண்டுகளில் கற்றுக்கொண்டதை எழுதுகிறேன்.

விலை பேசும்போது, டொமைனுக்கும் (தளத்தின் முகவரிப் பெயர்) ஹொஸ்டிங்கிற்கும் (தளத்தை வைத்திருக்கும் இணைய இடம்) டொலரில் கட்டவேண்டிய தொகையையும் உங்கள் உழைப்புக்கான கூலியையும் தனித்தனியே எழுதிக் கொடுங்கள். நான் இரண்டையும் சேர்த்து ரூபாயில் மூன்று ஆண்டுக்கு ஒப்புக்கொண்டிருந்தேன். 2022 மார்ச்சுக்கு முன் ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாயைத் தொட்டபோது, 3,000 ரூபாயில் முடிந்திருக்க வேண்டிய 15 டொலர்க் கட்டணத்துக்கு 5,400 ரூபாய் கொடுத்தேன். கூலியைக் குறைக்க நேர்ந்தால் குறையுங்கள். டொலர்ச் செலவை மட்டும் உங்கள் தலையில் ஏற்றிக்கொள்ளாதீர்கள்.

டொமைனை எப்போதும் உரிமையாளரின் பெயரிலும் அவருடைய மின்னஞ்சலிலுமே பதியுங்கள். நாளை நீங்கள் வெளிநாடு போகலாம், தொழிலை மாற்றலாம். நெருக்கடியில் நம்மில் பலர் அப்படித்தான் போனார்கள். கடவுச்சொல் இல்லாமல் தன் விடுதியின் பெயரையே இழந்து நின்ற முதியவர் ஒருவரை நான் கண்டிருக்கிறேன். அந்த நிலை வேறு எவருக்கும் வரக்கூடாது.

தளம் இலேசாக இருக்கட்டும். 2022 மார்ச் இறுதியில் 13 மணிநேர மின்வெட்டு இருந்தபோது, கைத்தொலைபேசியில் எஞ்சிய டேற்றாவைக் கொண்டே மக்கள் எதையும் பார்த்தார்கள். முற்றத்து வேப்பமர நிழலில் எடுத்த படம் 5 எம்பி இருந்தால், அகலத்தை 1,200 பிக்சலாக்கிச் சுருக்குங்கள். சில நூறு கேபிக்குள் வந்துவிடும், மரத்தின் பச்சையும் கெடாது. ஓடும் படவரிசையும் தானாகத் தொடங்கும் காணொளியும் வேண்டாம்.

என்ன எழுதுவது என்பதை விடுதிக்காரரின் வட்ஸ்அப்பே சொல்லும். நெடுந்தீவு போகிறவர்களைப் பற்றி விடுதி நடத்தும் ஓர் அம்மா, "தம்பி, கடைசிப் படகு எத்தனை மணிக்கெண்டுதான் எல்லாரும் கேக்கினம்" என்றார். ஆகவே குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து படகு புறப்படும் நேரம், திரும்பும் நேரம், மதியச் சாப்பாட்டை முன்கூட்டியே சொல்லவேண்டுமா என்பன முதற்பக்கத்திலேயே இருக்கவேண்டும். படகு நேரம் மாறக்கூடியது என்பதால், கடைசியாகத் திருத்திய திகதியையும் அருகில் போடுங்கள். வெளிநாட்டுப் பயணிகள் குறைந்த காலத்தில் விடுதிகளைத் தாங்கக்கூடியவர்கள் கொழும்பிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் வரும் நம்மவர்கள்தான். அவர்களுக்காகத் தமிழ்ப் பக்கமும் வையுங்கள், நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களுக்குரிய அறை வாடகையைக் கொடியேற்றத்துக்கு மூன்று மாதம் முன்பே ஏற்றிவிடுங்கள்.

பாதித் தொகையை முற்பணமாகப் பெறுங்கள். ஒப்படைக்கும் நாளில் உரிமையாளரின் பக்கத்தில் அமர்ந்து, அவருடைய கைத்தொலைபேசியிலேயே படகு நேரத்தையும் அறை வாடகையையும் அவரைக் கொண்டே மாற்றச் செய்யுங்கள். இடையில் நீங்கள் கைவைக்காமல் அவர் செய்து முடித்த பிறகு மீதித் தொகையைக் கேளுங்கள்.