முதல் கஞ்சி: ஆறு மாதக் குழந்தைக்குத் திட உணவு தொடங்கும் முறை

ஆறு மாதம் நிறைந்ததும் தாய்ப்பாலோ புட்டிப்பாலோ மட்டும் குழந்தைக்குப் போதாது. முதலில் குறைவது இரும்புச்சத்து. வயிற்றிலிருந்தபோது தாயிடமிருந்து சேர்த்துக்கொண்டது இந்த வயதில்தான் தீரத் தொடங்குகிறது. தாய்ப்பாலில் இரும்பு மிகக் கொஞ்சம். அதனால் கறி, முட்டை, பருப்பு இவற்றில் ஏதாவது ஒன்று முதல் வாரத்திலேயே கிண்ணத்துக்கு வந்துவிட வேண்டும். நம் வீடுகளில் பெரும்பாலும் நடப்பது வேறு. வடிகட்டிய கேழ்வரகுப் பால், சோற்றுக் கஞ்சித் தண்ணீர், அதுவே இரண்டு மாதத்துக்கு ஓடும். குழந்தையின் வயிறு சின்னது. நீர்க்கஞ்சியில் வயிறு நிறைந்துவிடும், எடை ஏறாது.

கொஞ்சம் சாய்மானம் கொடுத்தால் உட்கார வேண்டும், தலை ஆடாமல் நிற்க வேண்டும், கரண்டியை நாக்கால் வெளியே தள்ளாமல் இருக்க வேண்டும். இந்த மூன்றும் சேர்ந்து தெரிந்தால் தொடங்கலாம். இரவில் அடிக்கடி எழுந்து அழுவது இதற்கான அறிகுறி இல்லை. நான்கு மாதம் முடியுமுன் எதுவும் வேண்டாம். குறைமாதத்தில் பிறந்த குழந்தை என்றால் மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

பத்துமலைக் கோயிலிலோ பினாங்கு தண்ணீர்மலைக் கோயிலிலோ சோறூட்டுபவர்கள் பொங்கலில் ஒரு பருக்கையை நசுக்கி நாக்கில் தொட்டு வைத்தால் போதும். தேன் மட்டும் ஒரு சொட்டும் கூடாது. அதில் இருக்கக்கூடிய பொட்டுலிசம் நுண்ணுயிரின் வித்துகள் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கும். சமையலறையில் காய்ச்சுவதால் அந்த வித்துகள் சாகாது. பாட்டிமார்களிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது, சடங்கு நேரத்தில் வாதாட முடியாது.

அடிப்படைக் கஞ்சிக்கு அரிசி 2 மேசைக்கரண்டி, பாசிப்பருப்பு 1 மேசைக்கரண்டி, மஞ்சள் பூசணி இரண்டு துண்டு, தோல் நீக்கிப் பொடியாகக் கொத்திய கோழித் தொடைக்கறி 30 கிராம், தண்ணீர் ஒன்றரைக் கப். கறியை வெந்த பிறகு மசிக்க முடியாது, நாராக நிற்கும். பச்சையாக இருக்கும்போதே கொத்திவிடுங்கள். குக்கரில் ஐந்து விசில் விட்டு, ஆவி அடங்கியதும் மத்தால் கடையுங்கள். முதல் வாரம் மட்டும் மிக்சியில் இரண்டு சுற்று சுற்றலாம். கரண்டியில் எடுத்துச் சாய்த்துப் பாருங்கள். மெதுவாக ஒரு கட்டியாக விழ வேண்டும். ஓடினால் நீர் அதிகம். இறுகிவிட்டால் தண்ணீருக்குப் பதில் குழந்தை குடிக்கும் பாலையே ஊற்றித் தளர்த்துங்கள். ஊட்டுமுன் ஒவ்வொரு கிண்ணத்திலும் அரைத் தேக்கரண்டி நெய்யோ எண்ணெயோ சேருங்கள். உப்பும் சர்க்கரையும் வேண்டாம். சீரகம், மஞ்சள் சிட்டிகை போடலாம்.

கோழி ஈரலில் இரும்பு நிறைய இருக்கிறது, வைட்டமின் ஏயும் மிக அதிகம். ஆகவே நன்றாக வேகவைத்து வாரம் ஒரு முறை ஒரு மேசைக்கரண்டியோடு நிறுத்துங்கள். கறி சேர்க்காத வீடுகளில் பருப்பு, தவ்ஃபு (சோயாப் பன்னீர்), 15 நிமிடம் ஆவியில் வைத்து மசித்த தெம்பே (நொதித்த சோயாக் கட்டி) கொடுக்கலாம். இவற்றிலுள்ள இரும்பு சுலபமாக உடலில் ஏறாது. அதே வேளைச் சாப்பாட்டில் பப்பாளி, கொய்யா, தக்காளி ஏதாவது இருந்தால் ஏறும். கீரையை மட்டும் நம்பி இருக்க வேண்டாம். தேநீரில் நனைத்த பிஸ்கட் இரும்பு உறிஞ்சப்படுவதைத் தடுக்கும். மைலோ மால்ட் பானத்தில் சர்க்கரை உண்டு, அதையும் தள்ளி வையுங்கள்.

நெத்திலித் தூளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இக்கான் பிலிஸ் என்ற நெத்திலியை உப்புத் தண்ணீரில் அவித்துத்தான் காய வைக்கிறார்கள். ஊறவைத்துக் கழுவினாலும் உப்பு முழுதாகப் போகாது. சௌ கிட் சந்தையிலோ சௌரஸ்தா சந்தையிலோ காலையில் வரும் பச்சை மீனே மேல். சியாக்காப் (கொடுவா), கெம்போங் (கானாங்கெளுத்தி) இரண்டும் நல்லவை. கெம்போங்கில் முள் அதிகம், விரலால் இரண்டு முறை தடவிப் பார்க்காமல் கொடுக்காதீர்கள். பால் சுரக்க அம்மாவுக்குச் செய்யும் சுறாப் புட்டைக் குழந்தைக்கு ஊட்ட வேண்டாம், சுறாவில் பாதரசம் சேர்ந்திருக்கும்.

முதல் சில நாட்கள் காலை பத்து மணி வாக்கில், பாதிப் பசியும் முழு விழிப்புமாக இருக்கும்போது, இரண்டு தேக்கரண்டி போதும். சில வாரங்களில் இரண்டு வேளை, வேளைக்கு இரண்டு மூன்று மேசைக்கரண்டி. எட்டாம் மாதம் முடிவதற்குள் 250 மில்லி கப்பில் பாதி, மூன்று வேளை. அதுவரை பால் முதலில், உணவு பிறகு. ஒன்பதாம் மாதத்திலிருந்து மாற்றிக்கொள்ளுங்கள். முகம் சுளிப்பதை வெறுப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரே காயைப் பத்துப் பதினைந்து தடவை நீட்டிய பிறகே சில குழந்தைகள் வாங்கும். வாயை மூடித் திரும்பிக்கொண்டால் அந்த வேளை முடிந்தது, கைப்பேசி காட்டி ஊட்ட வேண்டாம்.

எட்டு மாதத்துக்குள் மிக்சியை ஒதுக்கிவிட்டு முள்கரண்டியால் மசியுங்கள். ஒன்பது பத்து மாதம் வரை கூழாகவே கொடுத்தால் பின்னால் மெல்ல மறுக்கும். விரல் நீளத்துக்கு வெந்த கேரட், உப்பு போடுமுன் எடுத்து வைத்த மாவில் வார்த்த இட்லி, பிசாங் மாஸ் வாழைப்பழம்: இரண்டு விரலுக்கிடையில் அழுத்தினால் நசுங்குகிறதா என்பதே அளவு.

முட்டையும் நிலக்கடலையும் தள்ளிப்போட வேண்டியவை அல்ல. முட்டையை முழுதாக வேகவைத்துக் கால் தேக்கரண்டி. கடலையை உப்பில்லாத, மழமழப்பான கடலை வெண்ணெயாகக் கஞ்சியில் கரைத்துக் கால் தேக்கரண்டி. ஒரே நாளில் இரண்டையும் தொடங்காமல், வீட்டில் இருக்கும் காலை நேரத்தில் கொடுத்து இரண்டு மணி நேரம் கவனியுங்கள். ஒத்துக்கொண்டால் வாரந்தோறும் தொடர வேண்டும். கடுமையான கரப்பான் (எக்ஸிமா) உள்ள குழந்தைக்கு முதலில் மருத்துவரைக் கேளுங்கள். உடம்பெல்லாம் தடிப்பு, உதடு வீக்கம், மூச்சில் சீழ்க்கைச் சத்தம் என்றால் உடனே மலேசிய அவசர எண் 999-ஐ அழையுங்கள். தக்காளி பட்டு வாயைச் சுற்றிச் சிவப்பது மட்டும் என்றால் பெரும்பாலும் புளிப்பின் எரிச்சல்தான்.

முழுத் திராட்சை, லோங்கான், ரம்புத்தான், முழுக் கடலை, மீன் உருண்டை, ஜெல்லி எதுவும் வேண்டாம். ஓங்கரித்து முகம் சிவந்து இருமினால் விட்டுவிடுங்கள், தானே சரியாகும். சத்தமே வராமல் நிறம் மாறினால் அடைத்துவிட்டது என்று பொருள்: தலை தாழக் கவிழ்த்து முதுகில் ஐந்து தட்டு, பிறகு மல்லாத்தி நெஞ்சு நடுவில் ஒரு உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து அழுத்து, மாறி மாறி, பக்கத்தில் இருப்பவர் 999-ஐ அழைக்கட்டும். கண்ணில் படாத பொருளை விரல் விட்டுத் துழாவினால் உள்ளே போய்விடும்.

மலத்தில் கறுப்பு நூல் போலத் தெரிந்தால் பயப்படாதீர்கள், வாழைப்பழ நார். வாழையும் வெள்ளைச் சோறும் மட்டுமே கொடுத்தால் மலம் இறுகும். பப்பாளியும், சாப்பாட்டோடு சில மிடறு ஆறிய வெந்நீரும் சேருங்கள்.

நம் ஊர் வெக்கையில் கஞ்சியை மேசை மேல் விட்டு வைக்கக் கூடாது. பாத்திரத்தை ஐஸ் தண்ணீரில் வைத்து ஆற்றி, ஒரு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டியில் வையுங்கள், மறுநாளைக்குள் தீர்த்துவிடுங்கள். ஐஸ் தட்டில் உறைய வைத்தால் ஒரு மாதம் தாங்கும். சூடாக்குவது ஒரே தடவை, ஆவி பறக்க. தாஸ்காவுக்கு (குழந்தைப் பராமரிப்பு மையம்) அனுப்பும்போது ஃபிளாஸ்கில் கொதிநீர் ஊற்றிப் பத்து நிமிடம் மூடி வைத்துக் கொட்டிவிட்டு, கொதிக்கும் கஞ்சியைக் கழுத்து வரை நிரப்புங்கள். பாதி நிரப்பிய ஃபிளாஸ்க் மதியத்துக்குள் வெதுவெதுப்பாகிவிடும், கிருமி பெருகுவது அந்தச் சூட்டில்தான். கரண்டி பட்ட மிச்சத்தை அங்கேயே கொட்டிவிட்டு, எத்தனை கரண்டி சாப்பிட்டது என்று மட்டும் எழுதித் தரச் சொல்லுங்கள்.