கோழிக்கொட்டிலில் கரி அடுப்பு: புகை நின்ற பிறகுதான் கவனம் வேண்டும்

முதல் வாரக் கோழிக்குஞ்சுக்கு 32 முதல் 35 பாகை செல்சியஸ் சூடு வேண்டும். மாரி இரவில் கரண்ட் நின்று பல்ப் அணைந்தால், குஞ்சுகள் மூலையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நெரிபட்டே செத்துப்போகும். 2022 இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததே, யாழ்ப்பாணத்துக் கோப்பாயில் என் கொட்டிலுக்குள் சிரட்டைக்கரி அடுப்பு வந்தது அப்போதுதான். இன்றும் பாவிக்கிறேன், சில கட்டுப்பாடுகளோடு.

பக்கத்து வளவுத் தம்பி ஒவ்வொரு மாரிக்கும் ஒரே கதைதான் சொல்லுவான்: "அண்ணை, வெளியே மூட்டி, புகை அடங்கித் தணலானதும் உள்ளே வைச்சுத் தறப்பாளை இறுக்கிவிட்டால் விடியும்வரை சூடு நிற்கும்." வெளியே மூட்டுவது சரி. மற்றதெல்லாம் பிழை. சட்டியின் அடியில் கரி எரிந்து உண்டாகும் காபனீரொட்சைட்டு, மேலேயுள்ள சிவந்த கரிக்குள்ளால் ஏறும்போது காபனோரொட்சைட்டு (CO) என்ற நச்சுவாயுவாக மாறுகிறது. தணலின் மேல் நீலச் சுவாலை ஆடினால் அந்த வாயுவில் ஒரு பங்கு அங்கேயே எரிகிறது. புதுக்கரி கொட்டினாலோ சாம்பல் மூடினாலோ சுவாலை அடங்கிவிடும், வாயு எரியாமல் அப்படியே வெளியே வரும். மணமில்லை, நிறமில்லை, கண்கூட எரியாது. இரத்தத்தில் ஒட்சிசனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும்.

ஆகவே நிரந்தரமாகக் கரி பாவிப்பதென்றால் புகைக்குழாய் கட்டாயம். பழைய எண்ணெய்ப் பீப்பாயில் கதவு வைத்து, மேலே தகரக் குழாய் பொருத்தி, கூரை முகட்டுக்கு மேலே போகும்படி வெல்டிங் கடையில் செய்விக்கலாம். குழாய் நேராக ஏறவேண்டும். படுக்கையாக நீட்டினால் இழுவை குறையும். கிடுகுக் கூரைக்குள்ளால் குழாய் விடவே வேண்டாம், தீப்பிடிக்கும். மாரிக்கு முன் குழாயைத் தட்டிப் பாருங்கள்: குளவிக்கூடும் குருவிக்கூடும் அதற்குள்தான் இருக்கும். அடுப்பு எரியும்போது அதன் கதவருகே ஓர் ஊதுபத்தியைப் பிடியுங்கள். புகை அடுப்புக்குள் இழுபட்டால் நல்லது. உங்கள் முகத்துக்குத் திரும்பி வந்தால் அன்றிரவு அந்த அடுப்பு வேண்டாம். சூடு மிச்சம்பிடிக்கக் குழாயை முழுதாக அடைப்பவர்களும் இருக்கிறார்கள். அது சும்மா சட்டியில் தணல் வைப்பதற்குச் சமம்.

குழாய் இல்லையென்றால் என் அபிப்பிராயம், ஐம்பது குஞ்சுக்காகக் கரியை உள்ளே கொண்டுபோகவே தேவையில்லை. செங்கல்லை வெளி அடுப்பில் சூடாக்கிச் சாக்கில் சுற்றி வையுங்கள், அல்லது சுடுநீர்ப் போத்தல்களை உமிக்குள் புதையுங்கள். ஆற ஆற மாற்றுவது அலுப்புத்தான், ஆனால் நச்சுவாயு இல்லை. குஞ்சுகள் பெருந்தொகை, வேறு வழியில்லை என்றால் திறந்த கொட்டிலில் மட்டும் செய்யலாம். எங்கள் மாரிக்காற்று வடகிழக்கிலிருந்து அடிக்கும். அந்தப் பக்கத்தை அடைத்து, எதிர்ப்பக்கத்தில் தறப்பாளைக் கூரையோரமாக நீளத்துக்குத் திறந்தே விடுங்கள். சூடான வாயு மேலேதான் ஏறும், கீழே மட்டும் இடைவெளி விட்டால் போதாது. கரி போடுவதென்றால் சட்டியை வெளியே எடுத்துப் போட்டு, நன்றாகப் பிடித்த பின்பே உள்ளே வையுங்கள். பக்கத்தில் தண்ணீர்ச் சட்டி வைப்பது, ஈரத்துணியால் வாயை மூடுவது எல்லாம் வீண். இந்த வாயுவை அவை மறிக்காது. ஜெனரேட்டரும் இதே வாயுவைத்தான் கக்கும், கொட்டில் வாசலில் வைக்காதீர்கள்.

குளிர்ந்த குஞ்சு கத்திக்கொண்டு நெருங்கி நிற்கும், சூடு கூடினால் வாய் திறந்து இளைத்து விலகி நிற்கும். கத்தாமல் தூங்கி விழுந்தால், தள்ளாடினால், குளிர் என்று நினைத்து இன்னும் கரி போடாதீர்கள். தறப்பாளை இழுத்துத் திறந்துவிட்டு வெளியே வாருங்கள். காவலுக்கென்று யாரும் உள்ளே படுக்கக்கூடாது. மிச்சத் தணலைப் பிள்ளைப்பெற்ற வீட்டு அறைக்குள் கொண்டுபோகவும் கூடாது. முற்றத்திலேயே தண்ணீர் ஊற்றி அணையுங்கள், சாம்பல் மூடிய தணலும் வாயு விடும்.

கனடா, லண்டனிலிருந்து லீவுக்கு வருபவர்களிடம் சொக்லேட்டுக்குப் பதிலாக ஒரு காபனோரொட்சைட்டு அலாரம் கேளுங்கள், அங்கே வீடுகளில் சாதாரணமாக மாட்டும் சாமான். புகை அலாரம் வேறு, அது இதற்கு உதவாது. கொட்டிலோடு ஒட்டிய படுக்கையறையில் மாட்டி, காலாவதித் திகதியைப் பாருங்கள்.

தலையிடி, தலைச்சுற்று, சத்தி, கால் சோர்வு ஒரே நேரத்தில் இரண்டு பேருக்கு வந்து, வெளியே போனதும் குறைந்தால், அதைத் தடிமன் காய்ச்சல் என்று விடாதீர்கள். மயங்கியவரைக் காற்றோட்டத்துக்கு இழுத்துவந்து 1990 க்கு அடியுங்கள், அம்பியூலன்ஸ் இலவசம். கரி அடுப்போடு இருந்தோம் என்று வைத்தியரிடம் முதலே சொல்லுங்கள். விரலில் மாட்டும் ஒட்சிசன் கருவி இந்த நஞ்சை அடையாளம் காணாமல் 98, 99 என்றே காட்டக்கூடும். சாதாரணக் காற்றில் இந்த வாயு இரத்தத்தில் பாதியாகக் குறைய நான்கைந்து மணித்தியாலம் செல்லும், ஆஸ்பத்திரியில் தரும் தூய ஒட்சிசனில் ஒன்று, ஒன்றரை மணித்தியாலம். கர்ப்பிணிகள் இலேசான தலையிடி என்றாலும் போகவேண்டும், வயிற்றுப் பிள்ளைக்குப் பாதிப்பு தாயைவிடக் கூட.