தரங்கம்பாடியை அரை நாளில் பார்க்க

மயிலாடுதுறையிலிருந்து பொறையார் வழி பஸ் பிடியுங்கள். வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம். டேனிஷ்காரர்கள் இங்கே கட்டிய கோட்டையில் இருக்கும் அருங்காட்சியகத்துக்கு அன்று விடுமுறை.

விடியும்போதே கடற்கரை மாசிலாமணிநாதர் கோயிலுக்குப் போய்விடுங்கள். 1306-இல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் எடுத்த கோயில் இது. முன்பகுதியைக் கடல் தின்றுவிட்டது. அலைதடுப்புக் கற்களில் பாசி வழுக்கும், ஏறாதீர்கள்.

அடுத்து 1792-இல் கட்டிய நகர வாயிலிலிருந்து ராஜ வீதியில் நடங்கள். புதிய எருசலேம் ஆலய முகப்பில் டேனிஷ் மன்னரின் கிரீடமும் 1718 என்ற ஆண்டும் தெரியும். அவசரப்படாமல் பாருங்கள், தமிழ் அச்சுக்கு உழைத்த சீகன்பால்கு உள்ளேதான் அடக்கமாகியிருக்கிறார்.

கோட்டையைப் பத்து மணிக்குத் திறந்ததும் பார்த்துவிடுங்கள். முற்றத்தில் நிழல் கிடையாது; பிற்பகலில் தரை கொதிக்கும். தொப்பியும் தண்ணீரும் கட்டாயம்.