படத்துக்கு முதுகும் உண்டு

கடலூர் மஞ்சக்குப்பத்தில் 22 வருடமாகப் படங்களுக்குச் சட்டம் போட்டுக்கொண்டிருக்கிறேன். சாமி படம், கல்யாணப் படம், மாலை போட வேண்டிய படம். நடுவே ஓவியமும் வரும். புதுச்சேரிப் பக்கம் ஒரு கலைவிழாவில் வட்டார ஓவியர்களின் படங்களை நடுவர் வைத்துத் தேர்ந்தெடுத்துக் கண்காட்சி வைக்கிறார்கள். அங்கே படம் மாட்டும் வேலை சில வருடமாக என் தலையில். நடுவர்கள் சுற்றி வரும்போது நான் ஏணிமேல் நிற்பேன், அவர்கள் பேசுவது நன்றாகவே காதில் விழும். எனக்கு வரையத் தெரியாது. ஆனால் படம் எதனால் தேர்வாகாமல் திரும்பி வருகிறது என்று தெரியும். அனுப்பப் போகிறவர்களுக்கு அதைத்தான் சொல்கிறேன்.

முதல் சுற்றுக்குப் பெரும்பாலும் போட்டோதான் போகும். போன வருடம் திருப்பாதிரிப்புலியூர் தம்பி ஒருத்தன் தேவனாம்பட்டினத்துப் படகுகளை வரைந்திருந்தான். அலை வாங்கின ஈர மணல் அப்படியே இருந்தது. தேர்வாகவில்லை. அனுப்பிய போட்டோவைக் காட்டச் சொன்னேன். ராத்திரி டியூப்லைட்டில், கட்டில்மேல் சாய்த்து வைத்து எடுத்திருக்கிறான். மணல் பச்சையடித்து, படம் மேலே குறுகிக் கீழே அகன்று, ஓரத்தில் போர்வைப் பூ வேறு. "கடைசி நாளுண்ணே, அவசரத்துல அனுப்பிட்டேன்" என்றான். ஒரு மாத உழைப்பு, ஒரு நிமிடத்துப் போட்டோ.

கண்ணாடி போடுமுன் போட்டோ எடுத்துவிடுங்கள். காலை எட்டு, ஒன்பது மணிக்கு, வெயில் நேராக விழாத நிழல் சுவரில் படத்தை மாட்டுங்கள். போனின் லென்ஸ் படத்தின் நட்டநடுவுக்கு நேராக இருக்கட்டும். கிட்டே போனால் ஓரங்கள் பிதுங்கும். ஏழெட்டு அடி தள்ளி நின்று இரண்டு மடங்கு ஜூம் வையுங்கள். பிளாஷ் கூடவே கூடாது. பக்கத்தில் ஒரு வெள்ளை ஏ4 தாள் வைத்தும் ஒன்று எடுத்துக்கொண்டால், பிறகு நிறம் திருத்தும்போது தாள் வெள்ளையாகத் தெரிகிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். எதிர்ச் சுவரின் நிறமும் படத்தில் ஏறும்: புதுச்சேரி மஞ்சள் சுவருக்கு எதிரே எடுத்த ஒரு வெள்ளை யானை, மஞ்சக்காமாலை வந்தது போல ஆகிவிட்டது. வாட்ஸப்பில் அனுப்பச் சொன்னால் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள், இல்லாவிட்டால் அது சுருக்கிவிடும்.

அளவில் உயரத்தை முதலில் எழுதுவதுதான் ஓவியர்கள் வழக்கம். 18 × 24 அங்குலம் என்றால் படுக்கைவசப் படம். மாற்றி எழுதினால் சுவரில் நான் ஒதுக்கிய இடம் வீண்.

மூன்று படம் கேட்டால் மூன்றும் ஒரே கையின் வேலையாகத் தெரிய வேண்டும். ஒரு பிள்ளையார், ஒரு படகு, ஒரு நடிகர் முகம் அனுப்பிய ஒருவரைப் பற்றி நடுவரம்மா ஒருவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "மூணு பேர் வரைஞ்சாப்ல இருக்கே."

சட்டத்துக்கு வருகிறேன். இதில் என் தப்பு ஒன்று உண்டு. புதுச்சேரி அக்கா ஒருவர் கையால் செய்த தாளில் நீர்வண்ண ஓவியம் கொடுத்தார். நாலு ஓரமும் ஃபெவிகால் தடவி அட்டையில் ஒட்டி, மேலேயே கண்ணாடியைப் போட்டுவிட்டேன். ஐப்பசி அடைமழையில் தாள் ஈரம் வாங்கி உப்பியது; விரிய வழியில்லாமல் அப்பளம் போல நெளிந்து கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. பிரித்தபோது வானத்தில் பாதி கண்ணாடியில் இருந்தது. அந்த அக்கா திட்டவில்லை, அதுதான் கஷ்டம்.

தாளின் மேல் ஓரத்தில் மட்டும் இரண்டு சிறு காகிதத் துண்டு, கோதுமை மாவுப் பசை. மற்ற மூன்று பக்கமும் சும்மா தொங்கட்டும். தாளுக்கும் கண்ணாடிக்கும் நடுவே, படம் தெரிய சன்னல் போல வெட்டிய மவுண்ட் அட்டை, அமிலம் இல்லாதது. செல்லோ டேப் கொஞ்ச நாளில் பழுத்துக் கறை விடும். கடல் காற்றுக்கு இரும்பு ஆணி துருப்பிடிக்கும், பித்தளையோ ஸ்டெயின்லெஸ் ஸ்டீலோ கேளுங்கள். இரண்டுக்கு மூன்றடியில் 3 மி.மீ. கண்ணாடியே நாலு கிலோவுக்கு மேல் வரும். அக்ரிலிக் அதில் பாதிதான். ஆனால் கரியிலோ சாக் பேஸ்டலிலோ வரைந்திருந்தால் அக்ரிலிக் வேண்டாம், பொடியை இழுத்துக்கொள்ளும். சட்டத்தின் பின்பக்கக் கொக்கி இரண்டும் மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு இறக்கத்தில். அவற்றுக்கு நடுவே கட்டும் கம்பியை மேலே இழுத்தால் சட்டத்துக்கு வெளியே தலை நீட்டக் கூடாது. சாமி படத்துக்குப் போடும் தங்கநிறச் சட்டத்தை ஓவியத்துக்குக் கேட்காதீர்கள். கேட்டால் போட்டுத்தான் தருவேன், வியாபாரம்.

சுடுமண் செய்கிறவர்கள் இதெல்லாம் கைவினை என்று தள்ளிவிடுவார்களோ எனத் தயங்குகிறார்கள். வில்லியனூர் வி.கே. முனுசாமிக்கு 2020-ல் பத்மஸ்ரீ கிடைத்தது அந்த மண் வேலைக்குத்தான். ஒரே நிறத் துணிக்கு முன்னால், பக்கவாட்டு வெளிச்சத்தில் மூன்று கோணம் எடுங்கள். அடி ஆடாமல் நிற்கிறதா என்று மேசையில் வைத்துத் தட்டிப் பாருங்கள்.

குறிப்பு கேட்பார்கள். "இயற்கையின் பேரழகை வெளிப்படுத்த முயன்றுள்ளேன்" என்றுதான் பாதிப் பேர் எழுதுகிறார்கள். எந்த இடம், எதனால் வரைந்தது, ஏன் அந்த நிறம் என்று நாலு வரி போதும்.

விலையில் பலர் சறுக்குகிறார்கள். படம் விற்றால் கண்காட்சிக்காரர்கள் பிடிக்கும் கமிஷன் 20 சதவீதம், உங்கள் கைக்கு 8,000 ரூபாய் வர வேண்டும் என்றால் 9,600 போடக் கூடாது. அதில் 20 சதவீதம் போனால் 7,680தான். 10,000 போட வேண்டும். சட்டக் கூலியையும் அந்த 8,000-க்குள் சேர்த்திருக்கிறீர்களா என்று பாருங்கள்.

கொண்டுவரும் நாளில் எண்ணெய் வண்ணம் காய்ந்ததா என்று ஓரத்தில் லேசாகத் தொட்டுப் பாருங்கள். பபுள் கவரை நேரே சுற்றினால் குமிழ் அச்சு விழும், முதலில் பட்டர் பேப்பர். பின்பக்கம் பெயர், தலைப்பு, என்ன வண்ணம், அளவு, விலை, போன் நம்பர், மேல்பக்கத்துக்கு ஓர் அம்புக்குறி. நடுவருக்குப் பெயர் தெரியக் கூடாது என்று விதி இருந்தால் முன்பக்கத்திலும் போட்டோ ஃபைலின் பெயரிலும் தவிருங்கள், முதுகில் எழுதியே ஆக வேண்டும்.

திரும்ப எடுத்துக்கொள்ளும் தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு வருடத்துக்கு முந்தைய ஒரு சுடுமண் குதிரை இன்னும் என் கல்லாப்பெட்டி பக்கத்தில் நிற்கிறது. முதுகிலும் பெயர் இல்லை, வயிற்றிலும் இல்லை. இடது காது லேசாக மூளி. வரும்போதே அப்படித்தான் இருந்தது. உங்களுடையது என்றால் ஞாயிற்றுக்கிழமை தவிர எப்போது வேண்டுமானாலும் வாருங்கள்.