செலவுக் கணக்குக் கேட்டு வருவோரிடம் விடக்கூடாத பிழைகள்

கையில் கோப்போடு வாசலில் நிற்கிற தங்கச்சி, "போன கிழமை எத்தனை தேங்காய் உடைச்சீங்க?" என்று கேட்டால் சிரிப்பு வரத்தான் செய்யும். ஊரில் பலர் அதைச் சிரித்தே அனுப்பிவிடுகிறார்கள். "எல்லாரும் போலதான் புள்ள, நீயே ஒரு கணக்கப் போட்டுக்க" என்று சொல்லி, தேத்தண்ணி கொடுத்து வழியனுப்பிவிட்டால் கடமை முடிந்தது. ஆனால் நாட்டின் வறுமை வீதமும், விலைவாசிச் சுட்டெண்ணில் அரிசிக்கு எத்தனை பங்கு, பஸ் கட்டணத்துக்கு எத்தனை பங்கு என்பதும் அந்தத் தேங்காய்க் கணக்கில் இருந்துதான் பிறக்கின்றன.

தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நடத்தும் வீட்டு வருமானச் செலவின அளவீடு பற்றித்தான் சொல்கிறேன். 2016இலும் 2019இலும் அது நடந்தபோது நாடு முழுவதும் 25,000 வீடுகளைத் தெரிவு செய்தார்கள். எல்லா வீட்டுக்கும் ஒரே மாதத்தில் போவதில்லை; ஆண்டின் 12 மாதங்களுக்கும் பிரித்துக்கொள்வார்கள். முதலில் சிறு சிறு பகுதிகளைத் தெரிந்து, ஒவ்வொன்றிலும் 10 வீடுகளை எடுப்பார்கள். கிராம உத்தியோகத்தர் தனக்கு வேண்டியவர்களின் பெயரை எழுதிக் கொடுப்பதில்லை. இலங்கையில் 50 இலட்சத்துக்கு மேல் வீடுகள் இருப்பதால், சராசரியாகப் பார்த்தால் தெரிவான ஒரு வீடு 200 வீடுகளுக்கு மேல் சேர்த்துப் பதில் சொல்கிறது. "பக்கத்து வீட்டைக் கேளுங்களன், அவங்களுக்கு நேரம் இருக்கு" என்பது இதனால்தான் உதவாது. நேரம் இருக்கிற வீடுகளை மட்டும் கேட்டால், நேரம் இருக்கிற ஆட்களின் செலவுதான் நாட்டின் செலவாகத் தெரியும்.

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் இப்போது அடிக்கடி நடக்கிற பிழை, இதை அஸ்வெசுமவோடு போட்டுக் குழப்புவது. அஸ்வெசும 2023 ஜூலையில் சமுர்த்திக்குப் பதிலாகத் தொடங்கிய உதவித் திட்டம். அதற்கு விண்ணப்பம் வேண்டும், வீட்டுக்கு வந்து பார்ப்பார்கள், குறிகாட்டிகளை வைத்துப் புள்ளி போடுவார்கள். செலவின அளவீடு வேறு திணைக்களத்தின் வேறு வேலை. நீங்கள் சொல்கிற பதிலால் உங்களுக்குக் கொடுப்பனவு கிடைக்கவும் மாட்டாது, இருப்பது வெட்டுப்படவும் மாட்டாது. தனி வீட்டின் விபரத்தை வெளியே கொடுக்கக் கூடாது என்பது சட்டம். அது வரித் திணைக்களத்துக்கும் போகாது. இது தெரியாமல் குளிர்சாதனப் பெட்டியைச் சேலையால் மூடி வைத்த கதையும் உண்டு. மறுபக்கம், வந்த பிள்ளை தெரிந்த குடும்பத்துப் பிள்ளையாக இருந்துவிட்டால் கௌரவம் தடுக்கும். மூன்று நாள் மீன் வாங்கவில்லை என்று சொல்ல வெட்கப்பட்டு, தினமும் வாங்கியதாகச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். கூட்டிச் சொன்னாலும் குறைத்துச் சொன்னாலும் பழுதாவது ஒரே கணக்குத்தான்.

இனி எல்லாவற்றிலும் பெரிய பிழைக்கு வருவோம்: காசு கைமாறியதை மட்டுமே செலவு என்று நினைப்பது. கொழும்பு மாடிக்குடியிருப்பில் இந்தப் பிழை அவ்வளவாகக் கணக்கைக் கெடுக்காது. நமது பக்கத்தில் அது கணக்கையே கவிழ்த்துவிடும்.

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரைப் பக்கம் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். பகல் சாப்பாடு சோறு, மீன் குழம்பு, முருங்கை இலைச் சுண்டல். அரிசி, போன பெரும்போகத்தில் சொந்த வயலில் வெட்டி, குற்றி, மூட்டையாக அடுக்கி வைத்தது. மீன், மகன் விடியப்புறம் வலையோடு போய்க் கொண்டுவந்தது. முருங்கை வேலியில் நிற்கிறது, தேங்காய் வளவில் விழுந்தது. தயிர், மாடு வைத்திருக்கிற மச்சான் வீட்டிலிருந்து வந்த முட்டி. கடையில் வாங்கியது உப்பும், வெங்காயமும், கொஞ்சம் மிளகாய்த் தூளும் மட்டும். "இண்டைக்குச் சாப்பாட்டுக்கு எவ்வளவு செலவு?" என்று கேட்டால் வீட்டுக்காரி அந்தக் கடைக்காசைத்தான் சொல்வாள். அதை அப்படியே எழுதினால், வயிறாரச் சாப்பிட்ட குடும்பம் ஏட்டில் பட்டினி கிடக்கும்.

அதனால் அளவீட்டில் சொந்தமாக விளைந்தது, பிடித்தது, இனாமாக வந்தது எல்லாவற்றுக்கும் ஊர்ச் சந்தை விலையைப் போட்டுச் சேர்க்கிறார்கள். நோன்பு காலத்தில் காத்தான்குடியிலோ நிந்தவூரிலோ பள்ளிவாசல் கஞ்சி வந்தால் அதையும் சொல்ல வேண்டும். கோயில் அன்னதானமும் அப்படித்தான். சொந்த வீட்டில் இருப்பவரிடம், "இந்த வீட்டை வாடகைக்கு விட்டால் மாதம் எவ்வளவு வரும்?" என்றும் கேட்பார்கள். வீட்டைப் பறிக்கிற யோசனையோ என்று பயப்பட வேண்டாம். வாடகை கட்டுகிறவரின் செலவையும் சொந்த வீட்டுக்காரரின் செலவையும் ஒரே தராசில் நிறுக்க வேறு வழியில்லை.

காசை மட்டுமல்ல, அளவையும் கேட்பார்கள். கிடைக்கிற சத்து எவ்வளவு என்று பார்க்க நிறை வேண்டும். இங்கேதான் நமது சந்தைப் பழக்கம் உத்தியோகத்தருக்குத் தலையிடி. மீன் கூறாக வருகிறது, கீரை பிடியாக வருகிறது, வெற்றிலையும் அப்படியேதான். "ஒரு கூறு" என்று மட்டும் சொல்லி நிறுத்தாமல், என்ன மீன், எத்தனை, கிட்டத்தட்ட எவ்வளவு நிறை இருக்கும் என்று சேர்த்துச் சொன்னால் நல்லது. கூறு பத்து நெத்தலியும் இருக்கலாம், இரண்டு திரளியும் இருக்கலாம். வீட்டில் சுண்டு இருந்தால் அரிசியை அதால் அளந்தே காட்டலாம். மூட்டைக் கணக்கும் இதில் ஒரு பொறி. அந்தக் கிழமை ஒரு மூட்டை வாங்கியிருந்தாலும், சமைத்தது எத்தனை சுண்டு என்பதுதான் கேள்வி.

வீட்டுக்கு வெளியே போகிற காசு அடுத்த ஓட்டை. காலையில் வாடியடியில் குடித்த பிளேன்டீ, வேலைக்குப் போன இடத்தில் தின்ற ரொட்டி, பிள்ளை பாடசாலைக் கன்டீனில் வாங்கிய பட்டிஸ், ரியூசன் முடிந்து வரும்போது ஐஸ்கிரீம், ரீலோட். இதெல்லாம் அடுப்படியில் இருப்பவருக்குத் தெரியாது. சிகரெட்டும் சாராயமும் உலகம் பூராகவும் இப்படிப்பட்ட கணக்குகளில் குறைத்தே சொல்லப்படுகிற சாமான்கள். மனைவிக்கு முன்னால் கேட்டால் இன்னும் குறையும். உத்தியோகத்தர் வருகிற நேரத்தில் வீட்டுக்காரரும் உழைக்கிற பிள்ளைகளும் ஒருமுறையாவது இருக்கப் பாருங்கள். முடியாவிட்டால், அந்தக் கிழமைக்கு மட்டும் ஆளுக்கு ஒரு துண்டுக் கடதாசியில் குறித்துவைத்தாலும் போதும். ஞாபகத்தை நம்புவதைவிட அது எவ்வளவோ மேல். மூன்று நாளைக்கு முன் என்ன வாங்கினோம் என்று கேட்டால், வழக்கமாக வாங்குவதைத்தான் மனம் எடுத்துக் கொடுக்கும்.

அந்த "வழக்கமாக" என்பதையும் தனியே கவனிக்க வேண்டும். நல்ல எண்ணத்தோடு செய்கிற பிழை இது. "இது வைகாசி, கண்ணகி அம்மன் சடங்கு, வீடு நிறையச் சனம். வழமையாக இவ்வளவு போகாது" என்று சொல்லி, வழமைக் கணக்கைக் கொடுக்கிறார்கள். வேண்டாம். அந்தக் கிழமை நடந்ததை நடந்தபடியே சொல்லுங்கள். சடங்குக் கிழமையும் பெருநாள் கிழமையும் ஆண்டில் உள்ள கிழமைகள்தானே? அறுவடைக்குப் பிறகு கையில் காசு புழங்குகிற மாசி பங்குனியும், மழை பிடித்து வயல் வேலையும் கடல் தொழிலும் படுத்துப்போகிற மார்கழியும் கணக்கில் வரவேண்டும் என்றுதான் 12 மாதமும் பிரித்து வருகிறார்கள். நீங்கள் உங்கள் வீட்டில் சமப்படுத்திக் கொடுத்தால், ஆண்டின் ஏற்ற இறக்கமே காணாமல் போய்விடும்.

காலக் கணக்கையும் கலக்க வேண்டாம். சாப்பாட்டுக்கு ஒரு கிழமை. மற்றச் சாமான்களில் சிலதுக்குக் கடந்த மாதம், சிலதுக்குக் கடந்த 6 மாதம், சிலதுக்குக் கடந்த 12 மாதம். பெரிய செலவுகள் மனதில் கிட்டவே நிற்கும் என்பதால், இரண்டு வருடத்துக்கு முந்திய மகளின் சாமத்தியச் சடங்கு போன வருடம் போலத் தோன்றும். பில்லோ, அழைப்பிதழோ, போனில் உள்ள படத்தின் திகதியோ இருந்தால் எடுத்துப் பாருங்கள்.

கடைக் கொப்பிக்கு வருவோம். சில்லறைக் கடையில் கொப்பிக்கு எடுத்து, வயல் வெட்டியதும் மொத்தமாகக் கட்டுவது நமது ஊர்களில் சாதாரணம். "நான் இன்னும் காசு கட்டவில்லையே" என்று பருப்பையும் சீனியையும் விட்டுவிடுகிறார்கள். பிறகு கட்டுகிற மாதம் உத்தியோகத்தர் வந்தால், முழுத் தொகையையும் அந்த மாதச் செலவாகச் சொல்கிறார்கள். இரண்டும் பிழை. காசு எப்போது போனாலும், சாப்பிட்ட கிழமைதான் கணக்கு. நுண்கடன் தவணை, நகை மீட்ட காசு, லீசிங், சீட்டு இவையெல்லாம் வீட்டில் நுகர்ந்த செலவோடு சேராது. கடன் விபரத்தைத் தனியாகக் கேட்பார்கள். அங்கே மறைக்காமல் சொல்வது நல்லது. நுண்கடனில் நமது பெண்கள் பட்ட பாட்டைப் பற்றிக் கூட்டங்களில் பேசுகிறோம், ஏட்டில் அந்தக் கடன் இல்லை என்றால் யார் நம்புவார்கள்?

வீட்டில் எத்தனை பேர் என்ற கேள்வி லேசாகத் தெரியும். மட்டக்களப்பு வளவில் அது அவ்வளவு லேசில்லை. மகளுக்கு வீடு கொடுத்து, தாய் தகப்பன் அதே வளவின் பின்பக்கம் சிறு வீட்டில் இருப்பார்கள். உலை ஒன்றா இரண்டா என்பதுதான் அளவுகோல். சேர்ந்து சமைத்துச் சேர்ந்து சாப்பிட்டால் ஒரு வீட்டலகு. அம்மா தன் சோற்றைத் தானே பொங்கினால் அது இன்னொன்று. கூப்பன் காலத்து அட்டையில் யார் யார் பெயர் இருந்தது என்பது இங்கே பேச்சில்லை. கட்டாரில் இருக்கிற மகன் வீட்டில் சாப்பிடுகிற ஆள் இல்லை, அவரை ஆளாகச் சேர்க்கக் கூடாது. அவர் அனுப்புகிற காசு வருமானத்தில் கட்டாயம் வரவேண்டும். ஆளைச் சேர்த்துக் காசை விட்டுவிடுவதுதான் நான் அதிகம் கேள்விப்படுகிற தலைகீழ்.

இனி, அறிக்கை வந்த பிறகு அதை வாசிக்கிறவர்கள் விடும் பிழைகள். 2019 அளவீட்டில் ஒரு வீட்டின் மாத வருமானச் சராசரி 76,414 ரூபாய். அதைப் பார்த்து "எங்கட ஊரில் யாருக்கு இவ்வளவு வருது?" என்று கோபப்படுகிறவர்கள், அதே அறிக்கையின் இடைநடு எண்ணைப் பார்ப்பதில்லை: 53,333 ரூபாய். பாதி வீடுகள் அதற்குக் கீழேதான். சராசரியைச் சில பெரிய வருமானங்கள் மேலே இழுத்துவிடுகின்றன.

வறுமை வீதம், அதாவது நூறு பேரில் எத்தனை பேர் ஏழை என்பது, 2016இல் 4.1, 2019இல் 14.3 என்று இரண்டையும் பக்கத்தில் வைத்து, மூன்று வருடத்தில் நாடு மூன்று மடங்கு ஏழையாகிவிட்டது என்று மேடையில் பேசுவதும் நடக்கிறது. இடையில் வறுமைக் கோட்டையே, அதாவது மாதம் எவ்வளவுக்குக் குறைவாகச் செலவு செய்தால் ஏழை என்று பிரிக்கிற தொகையையே, புதிதாகக் கீறினார்கள். முதல் எண் பழைய கோட்டால் அளந்தது, இரண்டாவது புதிய கோட்டால் அளந்தது. புதிய கோட்டின்படி 2019இல் ஒருவருக்கு மாதம் 6,966 ரூபாய். இது ஆளுக்குத்தான், வீட்டுக்கு அல்ல. இன்னும் பின்னே போனால், 1990/91, 1995/96, 2002 அளவீடுகளில் வடக்கும் கிழக்கும் இல்லவே இல்லை. யுத்தம் காரணம். எல்லா மாவட்டங்களையும் முதன்முறையாக முழுமையாகத் தொட்டது 2012/13 அளவீடு. 1990/91, 1995/96, 2002 ஆகிய அந்த மூன்று அளவீடுகளின் "இலங்கை" எண்களில் நாம் இல்லை என்பதை மறந்து கோடு போட்டுக் காட்டுகிற வரைபடங்களை நம்ப வேண்டாம்.

மாவட்ட எண்ணிலும் கவனம். 2016இல் பழைய கோட்டின்படி மட்டக்களப்பு 11.3 வீதம், அம்பாறை 2.6 வீதம். அம்பாறை செழிப்பு என்று அதோடு முடிவெடுத்தால், கல்முனை வியாபாரியும் தெஹியத்தகண்டி விவசாயியும் திருக்கோவில் கடற்கரை மீனவரும் அந்த ஒரே எண்ணுக்குள் இருக்கிறார்கள் என்பது மறைந்துவிடும். பிரதேச செயலகம் வாரியாக இந்த அளவீட்டில் இருந்து எண் கேட்பதும் சரிவராது. ஒரு பிரிவில் சிக்குகிற வீடுகள் மிகக் குறைவு.

பழைய ரூபாயை இன்றைய ரூபாயாக வாசிப்பது இன்னொன்று. 2022 செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 வீதம் வரை போனது. அதற்கு முந்திய செலவு எண்ணை வைத்து இன்றைக்கு ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு போதும் என்று சொல்ல முடியாது. அந்தச் சுட்டெண் கொழும்புக்கானது என்பதும் நினைவில் இருக்கட்டும். நாடு முழுவதற்குமானது தேசிய நுகர்வோர் விலைச் சுட்டெண். இன்றைய நிலை வேண்டுமானால், வறுமைக் கோட்டை மாவட்டம் மாவட்டமாக மாதாமாதம் புதுப்பித்துத் திணைக்களம் தன் இணையத்தளத்தில் போடுகிறது. மட்டக்களப்புக்கு அல்லது அம்பாறைக்கு உரிய எண்ணை எடுத்து, உங்கள் வீட்டில் சேர்ந்து சாப்பிடுகிற ஆட்களின் தொகையால் பெருக்கிப் பாருங்கள். பெருக்கி வருகிற தொகையோடு ஒப்பிடும்போது வளவுத் தேங்காயையும் வயல் அரிசியையும் உங்கள் செலவில் சேர்க்க மறக்க வேண்டாம்.